கட்சிக்காரராக இருந்தவர் நீதிபதி ஆகலாமா? வி.ஆர்.கிருஷ்ணய்யரை முன்வைத்து

மாயவரம் ஜூனியர்:
எல்லோருக்கும் வணக்கம். கோர்ட்டில் வக்கீல்கள் உட்காரும் பார் ரூமில் கிளம்பிய பேச்சு பாதியிலேயே நின்றுவிட்டது, அதனால் இங்கே கொண்டுவருகிறேன். 2023 பிப்ரவரியில் விக்டோரியா கௌரி சென்னை உயர் நீதிமன்றத்தில் கூடுதல் நீதிபதியாகப் பதவியேற்றபோது, பாஜகவில் பொறுப்பில் இருந்தவர் என்று எதிர்ப்பு வந்ததும், அதை எதிர்த்த மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததும் நினைவிருக்கும். அந்த அமர்வில் இருந்த நீதிபதி பி.ஆர்.கவாய், தமக்கும் அரசியல் பின்னணி உண்டு, நீதிபதி வேலைக்கு அது குறுக்கே வந்ததில்லை என்று சொன்னார். அன்றிலிருந்து யார் இந்தப் பேச்சை எடுத்தாலும், கேரளத்தில் அமைச்சராக இருந்து பின்னால் உச்ச நீதிமன்ற நீதிபதியான வி.ஆர்.கிருஷ்ணய்யரைச் சொல்லி "அப்போ கிருஷ்ணய்யர்?" என்று ஒருவர் கேட்பார், பேச்சு அதோடு முடிந்துவிடும். ஏன் முடிய வேண்டும்? அந்த மனிதர் உண்மையில் என்ன செய்தார் என்று தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

சேலம் செந்தில்:
என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகக் கூடாது. ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போனவர், அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தவர், கறுப்பு கவுன் போட்டதும் எல்லாவற்றையும் மறந்துவிடுவார் என்பதை நான் நம்பவில்லை. கிருஷ்ணய்யர் விதிவிலக்கு என்றால், விதிவிலக்கை வைத்து விதி எழுத முடியுமா?

கடலூர் வக்கீல்:
தம்பி செந்தில், கேள்வி நியாயமானது. ஆனால் அவர் பாதையை முழுசாகப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுவோம். நான் 27 வருஷமாக மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டிலும் செஷன்ஸ் கோர்ட்டிலும் நிற்கிறவன். அவர் பெயரை வாரத்துக்கு ஒரு தடவையாவது வாயில் எடுக்கிறவன்.

1915 நவம்பர் 15இல் பாலக்காட்டுப் பக்கம் வைத்தியநாதபுரத்தில் பிறந்தார். அப்பா ராமய்யர் கொயிலாண்டியில் வக்கீல். படிப்பு பாலக்காடு விக்டோரியா கல்லூரி, நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பிறகு சென்னை சட்டக் கல்லூரி. 1938 வாக்கில் தலச்சேரியில் தொழில் தொடங்கினார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. கூலிக்காரர்கள், குத்தகை விவசாயிகள், தொழிற்சங்கக்காரர்கள் இவர்கள்தான் அவருடைய கட்சிக்காரர்கள். வக்கீலுக்கும் கட்சிக்காரர் உண்டு, அரசியல்வாதிக்கும் கட்சிக்காரர் உண்டு, தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அவர் விஷயத்தில் இரண்டும் அநேகமாக ஒரே ஆட்களாகத்தான் இருந்தார்கள்.

1948இல் கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று பிடித்து ஒரு மாதம் உள்ளே வைத்தார்கள். வக்கீலாக ஜெயிலுக்குப் போய்க் கட்சிக்காரரைப் பார்ப்பது வேறு, கம்பிக்கு அந்தப் பக்கம் உட்காருவது வேறு. பின்னால் அவர் எழுதிய சிறைத் தீர்ப்புகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு மாதம்தான் ஞாபகம் வரும்.

1952இல் கூத்துபறம்பிலிருந்து சுயேச்சையாகச் சென்னை சட்டமன்றத்துக்கு வந்தார். முதலமைச்சர் ராஜாஜி, இவர் எதிர்வரிசை. 1956இல் கேரளம் பிரிந்தது. 1957இல் தலச்சேரியில் கம்யூனிஸ்ட் ஆதரவோடு ஜெயித்து முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அமைச்சரவையில் சேர்ந்தார். சட்டம், சிறை, மின்சாரம், பாசனம், சமூக நலம் என்று ஒரு கை நிறையத் துறைகள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஜெயிலில் இருந்தவர் கையில் ஜெயில் இலாகா! ஏழைகளுக்கு அரசுச் செலவில் வக்கீல் வைத்துக் கொடுக்கும் திட்டத்தை அந்த ஆட்சியிலேயே கொண்டுவந்தார்கள். 1959 ஜூலை 31இல் மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது.

கல்பாத்திக்காரி:
வக்கீல் சார், 1960 தேர்தலை விட்டுவிட்டீர்களே! எங்கள் வீட்டில் தாத்தா அடிக்கடி சொல்லும் கதை அதுதான். தலச்சேரியில் மறுபடி நின்று வெறும் 7 ஓட்டில் தோற்றார். ஏழே ஏழு. ஒரு வீட்டில் இருக்கிற ஆட்கள் போதும். விடவில்லை, தேர்தல் வழக்குப் போட்டு, கடைசியில் அவர்தான் ஜெயித்தவர் என்று தீர்ப்பு வாங்கிச் சட்டமன்றத்துக்குள் போனார்.

1965இல் மறுபடி தோற்றார். அப்புறம் தேர்தல் பக்கம் போகாமல் எறணாகுளத்தில் முழுநேர வக்கீல் தொழிலுக்குத் திரும்பிவிட்டார். 1968 ஜூலையில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி.

பாலக்காட்டுத் தமிழர்கள் அவரை "நம்மவர்" என்று சொல்லிக்கொள்வது வழக்கம். ஆனால் அக்ரஹாரத்தில் அன்றைக்குப் பலருக்கு அவர்மேல் கோபம் இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்த மந்திரிசபையில் இருந்தவர் அல்லவா. எங்கள் தாத்தாவுக்கும் இரண்டு மாகாணி நிலம் போனது. அதே தாத்தாதான் பின்னாளில் அவர் தீர்ப்பு பேப்பரில் வந்தால் கத்தரித்து வைப்பார்.

சேலம் செந்தில்:
தகவலுக்கு நன்றி. ஆனால் இதெல்லாம் என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. 1965இல் தேர்தலில் நிற்கிறார், மூன்றே வருஷத்தில் உயர் நீதிமன்ற நீதிபதி. 1973 ஜூலையில் உச்ச நீதிமன்றம். அது எந்த நேரம்? ஏப்ரலில்தான் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்து, மறுநாளே மூத்த நீதிபதிகள் ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என்.ராயைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். அரசுக்கு ஏற்ற சித்தாந்தம் உள்ளவர்கள் வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசிய காலம். அந்த நேரத்தில் ஒரு முன்னாள் இடதுசாரி அமைச்சரைக் கொண்டுவந்தால் யாருக்கும் சந்தேகம் வராதா?

கடலூர் வக்கீல்:
வந்தது. பம்பாய் வழக்கறிஞர்கள் சிலர் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். சோலி சொராப்ஜியும் அதில் இருந்தார். பின்னாளில் அவரே தம் எதிர்ப்பு தவறு என்று ஒப்புக்கொண்டார். சந்தேகப்பட்டவர்கள்மேல் தப்பில்லை, நானும் அன்றைக்கு இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

ஆனால் இரண்டே வருஷத்தில் சோதனை வந்தது. 1975 ஜூன் 12, இந்திரா காந்தியின் ரேபரேலி வெற்றி செல்லாது என்று அலகாபாத்தில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் கோடை விடுமுறையில் இருக்கிறது, விடுமுறைக்கால நீதிபதி கிருஷ்ணய்யர். சட்ட அமைச்சர் எச்.ஆர்.கோகலே நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார். அப்பீல் போடுவதானால் பதிவகத்தில் போடுங்கள், என்னைப் பார்க்க வேண்டியதில்லை என்று இவர் மறுத்துவிடுகிறார். பிரதமருக்கு வக்கீல் நானி பால்கிவாலா, அவர்மேல் வழக்குப் போட்ட ராஜ் நாராயணுக்கு சாந்தி பூஷண். அலகாபாத் தீர்ப்புக்கு முழுத் தடை கேட்டார்கள், கொடுக்கவில்லை. பிரதமராகத் தொடரலாம், அவையில் உட்காரலாம், பேசலாம். ஆனால் உறுப்பினராக ஓட்டுப் போடக் கூடாது, சம்பளம் வாங்கக் கூடாது. இது ஜூன் 24. மறுநாள் ராத்திரி எமர்ஜென்சி.

எனக்கு இதில் ரொம்ப முக்கியமாகப் படுவது ஒன்று. தேர்தல் வழக்குப் போட்டு நியாயம் வாங்கிய மனிதர் முன்னால்தான் நாட்டின் மிகப் பெரிய தேர்தல் வழக்கு வந்து நின்றது. ஓட்டுப் பெட்டிக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் நின்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அந்த உச்ச நீதிமன்றத்தில் அவரைவிட யாருக்குத் தெரிந்திருக்கும்?

சேலம் செந்தில்:
அமைச்சரைப் பார்க்க மறுத்தது பெரிய விஷயம், ஏற்கிறேன். ஆனால் உத்தரவு? பதவியைத் தொடரவிட்டாரே. அன்றைக்குத் தீர்ப்புக்குத் தடையே தர முடியாது என்று சொல்லியிருந்தால் வரலாறு வேறு மாதிரி போயிருக்கலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

கடலூர் வக்கீல்:
நினைக்கலாம். ஆனால் தேர்தல் அப்பீல்களில் வழக்கமாகக் கொடுக்கும் உத்தரவே அந்த மாதிரிதான். பிரதமர் என்பதற்காகக் கூடுதலாகவும் கொடுக்கவில்லை, குறைத்தும் கொடுக்கவில்லை. அரசியலிலிருந்து வந்த நீதிபதி அன்றைக்கு அரசியல் செய்ய நினைத்திருந்தால் இரண்டு பக்கமும் வழி திறந்துதான் கிடந்தது.

மாயவரம் ஜூனியர்:
செந்தில் அண்ணன் சொல்வதற்குப் பக்கபலமாக நானே ஒரு பெயர் தருகிறேன், பஹருல் இஸ்லாம். காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர், 1972இல் ராஜினாமா செய்துவிட்டு குவாஹாட்டி உயர் நீதிமன்ற நீதிபதி. 1980 மார்ச்சில் ஓய்வு. அதே வருஷம் டிசம்பரில், ஓய்வு பெற்றவரையே உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். பீகார் முதலமைச்சர் ஜெகந்நாத் மிஸ்ராவைக் கூட்டுறவு வங்கி வழக்கிலிருந்து விடுவித்த அமர்வில் இருந்தார். 1983 ஜனவரியில் ராஜினாமா, பார்பேட்டா தொகுதிக்குக் காங்கிரஸ் வேட்பாளர். அங்கே தேர்தல் தள்ளிப்போனதும் திரும்ப மாநிலங்களவை. இதைப் படித்த அன்று எனக்கு மனசு கசந்துபோனது.

அதே சமயம் கே.எஸ்.ஹெக்டேவும் இருக்கிறார். 1952 முதல் 1957 வரை காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர், பிறகு மைசூர் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம். எந்தக் கட்சியிலிருந்து வந்தாரோ அந்தக் கட்சியின் அரசுக்கு எதிராகவே தீர்ப்பு எழுதி, பதவி உயர்வை இழந்து, ராஜினாமா செய்தார். 1977இல் மக்களவை சபாநாயகரும் ஆனார். மூன்று பேரும் அரசியலிலிருந்து வந்தவர்கள்தான். மூன்று பேரும் மூன்று மாதிரி.

கல்பாத்திக்காரி:
பஹருல் இஸ்லாம் விஷயத்தில் என்னை உறுத்துவது அவர் அரசியலிலிருந்து வந்தது இல்லை, நீதிபதி நாற்காலியிலிருந்து எழுந்து நேரே கட்சிக்குப் போனது. கதவு இரண்டு பக்கமும் திறந்திருந்தால் உள்ளே இருக்கிறவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்?

சேலம் செந்தில்:
அப்படிப் பார்த்தால் கிருஷ்ணய்யரும் 1987இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றாரே அக்கா.

கல்பாத்திக்காரி:
நின்றார். ஓய்வு பெற்று ஏழு வருஷம் கழித்து, தோற்பது உறுதி என்று தெரிந்தே எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்றார். ஆர்.வெங்கட்ராமனுக்கு 7 லட்சத்து 40 ஆயிரம், இவருக்கு 2 லட்சத்து 81 ஆயிரம் என்ற கணக்கில் முடிந்தது. ஆளும் கட்சி கையிலிருந்து பதவி வாங்குவதும் இதுவும் ஒன்றா தம்பி?

நான் எறணாகுளத்தில் வேலை பார்த்த வருஷங்களில் எம்.ஜி. ரோட்டில் 'சத்கமயா' வழியாகத்தான் பஸ்ஸில் போவேன். அதுதான் அவர் வீடு. கையில் மனுவோடு யாராவது போய்க்கொண்டே இருப்பார்கள். ஓய்வு பெற்ற நீதிபதியிடம் மனு கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று முதலில் நினைத்தேன். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதே அவர்களுக்குப் பெரிசு என்று பிறகுதான் புரிந்தது.

பழைய ஸ்டெனோ:
மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். விவாதத்தைப் படித்துக்கொண்டே வருகிறேன், ஒரு குறையையும் பதிவு செய்கிறேன். அவர் ஆங்கிலம். கனம் தாங்காது. எங்கள் நீதிபதி அவர் தீர்ப்பிலிருந்து ஒரு பத்தி மேற்கோள் எழுதச் சொன்னால், டைப் அடிப்பதற்கு முன்னால் அகராதியைத் தேடுவேன். சொல்ல வருவது ஏழைக்கு நீதி, சொல்லும் மொழி ஏழையின் வக்கீலுக்கே புரியாது. இந்த வருத்தம் எனக்கு இன்றும் போகவில்லை. அத்தனை அன்பு வைத்திருந்தவர் இன்னும் எளிமையாக எழுதியிருக்கலாம்.

ஆனால் ஒன்று. எத்தனையோ தீர்ப்புகள் டைப் அடித்திருக்கிறேன், கட்சிக்காரர் பெயர்கூட நினைவில்லை. எடிகா அன்னம்மாவை மறக்க முடியவில்லை. ஆந்திராவில் இரட்டைக் கொலை வழக்கு, சின்ன வயதுப் பெண், கையில் சிறு பையன், புகுந்த வீட்டில் அடித்துத் துரத்தப்பட்டவள். தூக்குத் தண்டனையை ஆயுளாக மாற்றினார், 1974. குற்றத்தை மட்டும் பார்க்காதே, குற்றம் செய்தவளையும் பார் என்பதுதான் அதில் உள்ளது. நம் ஊர் ஆட்கள் பலர் அவரைப் பேரறிவாளன், முருகன், சாந்தன் தூக்குக்கு எதிராகக் குரல் கொடுத்தவர் என்றுதான் அறிவார்கள். அந்தக் குரலுக்கு அப்போதே கிட்டத்தட்ட நாற்பது வயசு.

சட்டம் படிக்கும் பெண்:
மூன்றாம் ஆண்டு மாணவி. எங்கள் வகுப்பில் அவர் பெயர் பாடத்துக்குப் பாடம் வருகிறது. திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதி சுனில் பத்ரா, தனக்காக இல்லாமல் இன்னொரு கைதியைக் காவலர் சித்திரவதை செய்ததற்காகக் கடிதம் எழுத, அதையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். விலங்கு மாட்டிக் கூட்டிப்போகிறார்கள் என்று பிரேம் சங்கர் சுக்லா தந்தி அடித்தார், அதுவும் வழக்கானது. முத்தம்மா வழக்கில், பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற வெளியுறவுப் பணி விதியைப் போட்டுக் கிழித்திருக்கிறார். என் சந்தேகம் என்னவென்றால், இதெல்லாம் அரசியல் அனுபவத்தால் வந்ததா, இல்லை அவர் இயல்பே அப்படியா? வழக்கறிஞராக மட்டும் இருந்த ஒருவர் இதை எழுதியிருக்க முடியாதா?

கடலூர் வக்கீல்:
நல்ல கேள்வி அம்மா. இயல்பைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ரத்லம் தீர்ப்பை எடுத்துப் படி, 1980. மத்தியப் பிரதேசத்தில் ஒரு ஊர். திறந்த சாக்கடை, சாராய ஆலைக் கழிவு, கழிப்பிடம் இல்லாத குடிசைவாசிகள் தெருவிலேயே ஒதுங்குகிறார்கள். ஜனங்கள் மாஜிஸ்ட்ரேட்டிடம் போனார்கள், சரிசெய் என்று அவர் உத்தரவு போட்டார். நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை வந்து சொன்ன காரணம், காசு இல்லை. பட்ஜெட் போட்ட மந்திரிசபையில் உட்கார்ந்திருந்த மனிதரிடம் போய் அதைச் சொன்னார்கள். காசு இல்லை என்ற பேச்சை அவர் ஏற்கவே இல்லை. சாக்கடை கட்டு, கழிப்பிடம் கட்டு, ஆலைக் கழிவை நிறுத்து, இத்தனை மாதத்துக்குள் முடி என்று வேலைத்திட்டம் மாதிரி எழுதிக் கொடுத்தார். ஒரு அரசாங்க அலுவலகம் எங்கே நிஜமாகவே முடியாமல் நிற்கும், எங்கே மனசில்லாமல் நிற்கும் என்பது உள்ளே இருந்து பார்த்தவருக்குத்தான் பிடிபடும்.

மொஹிந்தர் சிங் கில் வழக்கும் அப்படித்தான். உத்தரவில் எழுதாத காரணத்தை, கோர்ட்டுக்கு வந்தபிறகு கவுன்டரில், அதாவது பதில் மனுவில், புதுசாகச் சேர்க்க முடியாது என்றார். அரசு உத்தரவை எதிர்த்து ரிட் போடும் எந்த வக்கீலும் இன்றைக்கும் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். கோப்பு எப்படி நகரும், காரணம் எப்போது எழுதப்படும் என்று தெரிந்த ஆளுடைய கை அது. ஷம்ஷேர் சிங் வழக்கில் ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்று எழுதிய கையும் அதுவே. 1959இல் கலைக்கப்பட்ட மந்திரிசபையில் இருந்தவர் என்பதால் அது பாரபட்சம் என்று செந்தில் சொல்லலாம். ஆனால் ஏழு நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்ன முடிவு அது.

சேலம் செந்தில்:
சொல்லத்தான் வந்தேன், ஏழு பேர் என்றதும் நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் அவரைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம் என்பதற்காக இரண்டு விஷயம். 2011இல் கேரளத்தில் அவர் தலைமையிலான குழு, மூன்றாவது பிள்ளை பெற்றால் அபராதம், சிறை என்று பரிந்துரை கொடுத்தது. ஏழை வீட்டுக்குள் போலீஸ் நுழைய வழி செய்வது, சிறைக்கதவைத் திறந்துவிட்டவருக்குப் பொருந்துகிறதா? அப்புறம் 2013இல் மோடியைப் பாராட்டி எழுதினார். இடதுசாரி நண்பர்களுக்கே அது அதிர்ச்சி.

கல்பாத்திக்காரி:
அந்தப் பரிந்துரை தவறு. ஒரு பெண்ணாக அதை நான் எந்த நாளும் ஏற்க மாட்டேன். யார் எழுதியிருந்தாலும்.

கடலூர் வக்கீல்:
நானும் ஏற்கவில்லை.

செந்தில், உன் முதல் கேள்விக்கு வருகிறேன். விதி எழுதச் சொன்னால் நான் இப்படி எழுதுவேன். கட்சி அட்டையைக் கொடுத்துவிட்டு வந்து எத்தனை வருஷம் ஆனது, அந்த வருஷங்களில் கோர்ட்டில் என்ன வழக்கு நடத்தினார், யாருக்காக நின்றார், ஓய்வுக்குப் பிறகு ஆளும் கட்சியிடமிருந்து எதுவும் வாங்கக் கூடாது என்ற தடை உண்டா. இதைப் பார்க்காமல் "அரசியல்வாதியா, வேண்டாம்" என்றால் ஹெக்டேயை இழந்திருப்போம். "கிருஷ்ணய்யர் இருந்தாரே" என்று எல்லோரையும் விட்டால் பஹருல் இஸ்லாம் மாதிரி இன்னும் பத்துப் பேர் வருவார்கள்.

சேலம் செந்தில்:
ஓய்வுக்குப் பிறகான தடை என்றால் நான் உடனே கையெழுத்துப் போடுகிறேன். முன்பக்கக் கதவைப் பற்றி இன்னும் எனக்குத் தயக்கம் இருக்கிறது சார். இவ்வளவு வருஷ இடைவெளி என்று சட்டத்தில் எழுதினால் பேசலாம்.

சட்டம் படிக்கும் பெண்:
வக்கீல் சார், வாரம் ஒரு தடவை அவர் பெயரைச் சொல்வேன் என்றீர்களே, எந்த வழக்குக்கு?

கடலூர் வக்கீல்:
மோத்தி ராம் வழக்கு, அம்மா. 1978. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவர். ஜாமீன் உத்தரவு ஆகியும் மாஜிஸ்ட்ரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தார் கேட்டார். 1978இல் கொத்தனாருக்குப் பத்தாயிரம்! அண்ணன் தம்பி ஜாமீன் நிற்கிறேன் என்றால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது. கிருஷ்ணய்யர் ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார்.

போன வருஷம் எனக்கு வந்த ஒரு வழக்கு. கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து கரும்பு வெட்ட வந்த ஆள், ஒரு அடிதடியில் உள்ளே போய்விட்டார். ஜாமீன் கிடைத்தது, உள்ளூர் ஜாமீன்தார் இரண்டு பேர் வேண்டும் என்று நிபந்தனை. வெட்டு முடிந்து கூட வந்தவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். உள்ளூரில் யாரைத் தெரியும் அவருக்கு? மனைவி மஞ்சப்பையில் ரேஷன் கார்டும், மாமனாரின் வீட்டு வரி ரசீதும் வைத்துக்கொண்டு பதினோரு நாள் கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எந்தக் காகிதமும் செல்லவில்லை, எல்லாம் வேறு மாவட்டம். ஜாமீன் உத்தரவு என் கேஸ் கட்டுக்குள் இருக்கிறது, ஆள் சப் ஜெயிலில் இருக்கிறார். பன்னிரண்டாம் நாள் நிபந்தனையைத் தளர்த்த மனுப் போட்டு மோத்தி ராமை வாசித்தேன். கூடவே, உள்ளூர் ஜாமீன் கேட்பதால்தான் பலர் வெளியே வர முடியவில்லை என்றால் அந்த நிபந்தனையை விடலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதலையும் வைத்தேன். மாஜிஸ்ட்ரேட் இரண்டு நிமிஷம் படித்தார். சொந்தப் பிணை போதும் என்று எழுதினார். சாயங்காலம் ஆறரைக்கு ஆள் வெளியே வந்தார்.

அந்த அம்மாவுக்குக் கிருஷ்ணய்யர் யாரென்று தெரியாது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவசரமாகக் கிளம்பினார்கள்.

சட்டம் படிக்கும் பெண்:
இன்று நூலகத்தில் மோத்தி ராம் எடுத்துப் படித்தேன். ஸ்டெனோ ஐயா சொன்னது சரி, இரண்டு இடத்தில் அகராதி தேட வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் கொத்தனார் இருக்கும் பத்திகள் மட்டும் நேராகப் புரிந்தன. ரத்லம் நாளைக்கு.